விசிறிக்கு வரி ஏறியது. இரண்டாவது ஷிப்டு ஏன் நின்றது?

கேள்வி: மின்விசிறி செய்யும் ஆலை ஒன்றில் உற்பத்தி மேற்பார்வையாளராக இருக்கிறேன், தொழிற்சங்கக் குழுவிலும் உறுப்பினர். வெளிநாட்டு விசிறிக்கான இறக்குமதி வரியை அரசு 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியபோது, இனி வேலைக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தோம். மூன்று மாதம் கழித்து எஃகுத் தகட்டின் வரி 5-லிருந்து 25 ஆனது, செம்புக் கம்பியின் வரி 5-லிருந்து 15 ஆனது. அடுத்த ஆறு மாதத்தில் இரண்டாவது ஷிப்டை நிறுத்தி, ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்பிவிட்டார்கள். எங்கள் விசிறியில் பத்துக்கு நான்கு ஏற்றுமதி ஆகிறது. "ஏற்றுமதியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை" என்கிறார் முதலாளி. "கம்பியை உள்நாட்டில்தான் வாங்குகிறோம், அந்த வரி நம்மைத் தொடாது" என்கிறார் கொள்முதல் மேலாளர். வரிப் பாதுகாப்பு வந்தும் வேலை ஏன் போனது? யாரிடம் என்ன கேட்பது? வரியே வேண்டாம், ஆலை மூடினால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று சொல்பவர்கள் பேச்சில் உண்மை உண்டா?

பதில்: உங்கள் முதலாளி சொல்வது சாக்கு அல்ல, பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். கொள்முதல் மேலாளர் சொல்வதுதான் தவறு. இரண்டையும் ஒரே கணக்கில் பார்த்துவிடலாம்.

எந்த நாட்டுப் பணமும் வேண்டாம். வெளிச்சந்தையில் ஒரு விசிறியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் போகும் பொருள்களின் உலக விலை: லேமினேஷன் (மோட்டாருக்குள் அடுக்கும் மெல்லிய வட்டத் தகடுகள்) வெட்டும் எஃகுத் தகடு 20, மோட்டாரில் சுற்றும் வைண்டிங் செம்புக் கம்பி 22, அலுமினியமும் உடற்பகுதியும் 12, பேரிங், கப்பாசிட்டர் போன்ற சில்லறை 6. மொத்தம் 60. மீதி 40-தான் ஆலையின் சொந்த உழைப்பு. கூலி, மின்சாரம், வட்டி, லாபம் எல்லாம் இந்த 40-க்குள்தான். இவை கணக்குக்காக நான் எடுத்த எண்கள். உங்கள் ஆலையின் பொருள் பட்டியலை வைத்து நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். போட்டே ஆக வேண்டும்.

முதல் நிலை: விசிறிக்கு 10 சதவீதம், மூலப்பொருள் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம். உள்நாட்டில் விசிறியை 110 வரை விற்கலாம். அதற்கு மேல் போனால் இறக்குமதி விசிறி உள்ளே வந்துவிடும். மூலப்பொருள் செலவு 63. ஆலையிடம் நிற்பது 47. வரியே இல்லாவிட்டால் நின்றிருக்கும் 40-ஐவிட இது 17.5 சதவீதம் அதிகம். பொருளாதாரத்தில் இதைத்தான் நிகரப் பாதுகாப்பு விகிதம் என்பார்கள். அரசாணையில் 10 என்று அச்சாகியிருந்தாலும், ஆலைக்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்பு 17.5.

இரண்டாம் நிலை: விசிறி வரி மட்டும் 20 ஆன அந்த மூன்று மாதம். 120 கழித்தல் 63, மீதி 57. பாதுகாப்பு 42.5 சதவீதம். நீங்கள் எல்லோரும் மகிழ்ந்தது இந்த நாள்களில்தான், அதில் தப்பில்லை.

மூன்றாம் நிலை: தகடு 20-லிருந்து 25, கம்பி 22-லிருந்து 25.3, அலுமினியம் முன்போலவே 12.6, சில்லறை 6.3. மூலப்பொருள் செலவு 69.2. மீதி 50.8. பாதுகாப்பு 27 சதவீதம். இதுவும் முதல் நிலையைவிட அதிகம்தானே, பிறகு ஆட்குறைப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். உள்நாட்டு விற்பனையை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயம். ஆனால் ஏற்றுமதி விசிறியை 120-க்கு யாரும் வாங்க மாட்டார்கள். அங்கே விலை 100-தான். முதல் நிலையில் ஏற்றுமதியில் நின்றது 100 கழித்தல் 63, அதாவது 37. இப்போது 100 கழித்தல் 69.2, வெறும் 30.8. கூலி 15, மின்சாரமும் வாடகையும் 7, பேக்கிங்கும் சரக்குக் கூலியும் 7, வட்டியும் பழுதுபார்ப்பும் 5 என்று 34 செலவாகிறது என்று வையுங்கள். முன்பு ஒரு விசிறிக்கு 3 லாபம். இப்போது 3.2 நஷ்டம்.

வாடகையும் வட்டியும் எப்படியும் போகப்போகிறவைதானே என்று சில முதலாளிகள் கொஞ்ச நாள் தாங்குவார்கள். கையில் இருக்கும் ஆர்டரை முடித்துக் கொடுப்பார்கள். புதிய ஆர்டருக்கு விலை சொல்லும்போது கூட்டிச் சொல்வார்கள். வாங்குபவர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார். ஆணை வந்த அன்றே ஷிப்டு நிற்காமல் ஆறு மாதம் கழித்து நின்றதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஆட்குறைப்பும் ஒரு வரிசையில்தான் வரும்: முதலில் ஓவர்டைம், பிறகு ஒப்பந்தத் தொழிலாளர், பிறகு ஷிப்டு, பயிற்சியாளர் சேர்ப்பு, கடைசியாகத்தான் நிரந்தரத் தொழிலாளர். நிரந்தரப் பட்டியல் குறையவில்லை என்பதால் வரியால் பாதிப்பு இல்லை என்று யாராவது வாதிட்டால் ஓவர்டைம் பதிவேட்டை எடுத்து மேசையில் வையுங்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இறக்குமதிக்கு வரி போடுவது சுற்றி வந்து ஏற்றுமதிக்கு வரி போட்டதாகவே முடியும் என்று பொருளாதார அறிஞர் ஆபா லெர்னர் 1936-இலேயே காட்டிவிட்டார். மூலப்பொருள் வழியாக வருவது ஒரு பாதை. நாணய மாற்று விகிதம் இன்னொன்று: வரியால் இறக்குமதி சுருங்கினால் அந்நியச் செலாவணிக்குத் தேவை குறையும், உள்நாட்டு நாணயம் வலுக்கும், ஏற்றுமதியாளரின் கையில் வரும் தொகை சுருங்கும். இரண்டாவது பாதை மெதுவாக வேலை செய்யும். உங்கள் ஆலையில் ஒன்பது மாதத்துக்குள் நடந்ததற்கு முதல் பாதையே போதும்.

இனி கொள்முதல் மேலாளரின் பேச்சு. உள்நாட்டுக் கம்பி ஆலை தன் விலையை எதைப் பார்த்து வைக்கிறது? இறக்குமதிக் கம்பி வரியோடு துறைமுகத்தில் என்ன விலைக்கு இறங்குகிறதோ, அதற்குக் கொஞ்சம் கீழே. அந்த இறங்குவிலை 10 சதவீதம் ஏறினால் உள்நாட்டு விலையும் அதை ஒட்டி ஏறும். கடந்த ஓராண்டின் கம்பி பில்களை எடுத்து, உலகச் செம்பு விலையைக் கழித்துவிட்டு, அதற்கு மேல் கம்பி ஆலை சேர்க்கும் மேல்கூலி எப்படி நகர்ந்திருக்கிறது என்று மாதவாரியாகப் பாருங்கள். வரி ஆணை வந்த மாதத்தில் ஒரு படி தெரியும். கம்பி ஆலைகள் பலவாக இருந்து ஒன்றோடொன்று கடுமையாகப் போட்டியிட்டால் படி சிறியதாக இருக்கும். ஒன்றோ இரண்டோதான் என்றால் முழுப் படியும் உங்கள் தலையில். இதில் இன்னும் மோசமான ஒரு சங்கதி உண்டு. இறக்குமதிக் கம்பிக்குக் கட்டிய வரியை ஏற்றுமதி செய்யும்போது அரசிடம் திரும்பக் கேட்கலாம். உள்நாட்டுக் கம்பிக்குக் கூடுதலாகக் கொடுத்தது வரி அல்ல, கம்பி ஆலையின் விலை. அதை யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது.

ஆகவே சங்கம் முதலில் கேட்க வேண்டியது விசிறிக்கு இன்னும் அதிக வரி அல்ல. அதைக் கேட்டால் முதல் ஷிப்டு இன்னும் பத்திரமாகும், இரண்டாவது ஷிப்டு திரும்பாது. கேட்க வேண்டியது வரி மீட்பு; ஏற்றுமதி அலுவலகங்களில் டியூட்டி டிராபேக் என்பார்கள். ஏற்றுமதிப் பொருளுக்குள் போன மூலப்பொருளின் வரி முழுவதும் திரும்பினால் மூலப்பொருள் செலவு 60-க்கே வந்துவிடும். 100 கழித்தல் 60 கழித்தல் 34, லாபம் 6. பழைய நிலையில் இருந்த 3-ஐவிடவே அதிகம். ஷிப்டு திரும்பவும் ஓடும். இவ்வளவு எளிதாக இருந்தும் பல நாடுகளில் இது ஓடாததற்குக் காரணம், அந்த 6 வழியில் கரைவது. எங்கே கரைகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதல் கரைசல் ஏற்கெனவே சொன்னதுதான். கம்பி உள்நாட்டுக் கொள்முதல் என்றால் அந்த 3.3 திரும்பாது. மீதி 2.7.

இரண்டாவது, சேதாரக் கணக்கு. ஒரு விசிறிக்கு எத்தனை கிலோ தகடு செலவாகும் என்று அரசுத் துறை ஓர் அளவுப் பட்டியல் வைத்திருக்கும். அதில் உள்ள அளவுக்குத்தான் வரியைத் திருப்பித் தருவார்கள். லேமினேஷன் வட்டமானது, தகடு நேர்க்கோட்டு விளிம்புடையது. சதுரத்துக்குள் வட்டம் வெட்டினால் நான்கு மூலைகள் மட்டுமே 21.5 சதவீதம், இது வடிவியல், எந்த முதலாளியும் மாற்ற முடியாது. வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று நகர்த்தி அடுக்கினால் ஏட்டளவில் 9.3 சதவீதம் வரை குறைக்கலாம், ஆனால் அது எல்லையில்லாத அகலத் தகட்டுக்கான கணக்கு. பிரஸ்ஸில் ஓடும் பட்டையில் ஓரமும், இரண்டு வெட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் சேர்ந்துவிடும். நடுத்துளை, காடிகள் வேறு. உண்மைச் சேதாரம் 25 சதவீதம் இருக்க, பட்டியலில் 10 என்று இருந்தால் என்ன ஆகும்? 100 கிலோ தகட்டில் 75 கிலோ பொருளாகிறது. பட்டியல் கணக்கில் 75 கிலோ பொருளுக்கு 83.3 கிலோ தகடு போதும். மீதி 16.7 கிலோவுக்குக் கட்டிய வரி போனது போனதுதான். தகட்டு வரி 5-இல் 0.83 நஷ்டம். மீதி ஏறக்குறைய 1.9.

மூன்றாவது, தாமதம். 12 சதவீத வட்டிக்கு ஓடும் ஆலைக்கு ஆறு மாதம் கழித்து வரும் மீட்புத் தொகையில் 6 சதவீதம் வங்கிக்கே போய்விடும். இங்கே அது 0.3. மீதி 1.6.

ஆக 6 என்று தாளில் எழுதியது கையில் 1.6 ஆகிறது. அதுவும் ஆவணம் எல்லாம் சரியாக இருந்தால். இறக்குமதிப் பத்திரத்தில் ஒரு தரத்தின் பெயரும், ஏற்றுமதிக் கோரிக்கையில் இன்னொன்றும் இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். உங்கள் பிரிவிலிருந்து ஒரு வாரம், மூன்று விசிறி மாடல்களுக்கு, உள்ளே போன தகடு, வெளியே வந்த லேமினேஷன், துண்டுக் கழிவு என மூன்றையும் எடை போட்டு எழுதுங்கள். அளவுப் பட்டியலைத் திருத்தக் கோரும் மனுவுக்கு இதைவிட வலுவான காகிதம் கிடையாது. மேற்பார்வையாளர் ஒருவரால்தான் அதைத் தயாரிக்க முடியும், கணக்குப் பிரிவால் முடியாது.

தாமதத்துக்கு மருந்து, வரியை வாங்கித் திருப்பித் தருவதற்குப் பதில் வாங்காமலே இருப்பது. சுங்கத்துறைக் கண்காணிப்பில் உள்ள பாண்டட் கிடங்கில் மூலப்பொருள் வரியில்லாமல் இறங்கும்; ஏற்றுமதியானதும் கணக்கு நேராகும்; உள்நாட்டில் விற்றால் மட்டும் வரி. வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழில் வளர்ந்ததில் இதற்கும், அதனோடு சேர்ந்த பேக்-டு-பேக் எல்.சி. (எல்.சி. என்பது பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) முறைக்கும் பெரிய பங்கு உண்டு. வெளிநாட்டு வாங்குபவர் திறக்கும் எல்.சி.யைப் பிணையாக வைத்து, துணிக்கு இன்னொரு எல்.சி.யை வங்கி திறந்து கொடுக்கும். கையில் முதல் இல்லாத ஆலையும் ஆர்டர் எடுக்க முடிந்தது. தென் கொரியா 1960-களில் இன்னும் ஒரு படி போனது: ஏற்றுமதியாளருக்கு உதிரிபாகம் தரும் உள்நாட்டுச் சிறு ஆலைக்கும் உள்நாட்டு எல்.சி. மூலம் அதே சலுகை. உங்களுக்கு இது முக்கியம். கம்பி உள்நாட்டில் வாங்குவதால் கரையும் 3.3-ஐ மீட்க, ஏற்றுமதி ஆலைக்கு விற்கும் கம்பியை ஏற்றுமதிக்கு இணையாகக் கருதி, கம்பி ஆலைக்குச் செம்பின் வரியைத் தள்ளுபடி செய்து உலக விலையில் விற்கச் செய்ய வேண்டும். அல்லது ஏற்றுமதி அளவுக்கு மட்டும் பாண்டில் கம்பி இறக்க அனுமதி வேண்டும். இரண்டாவதைக் கேட்டாலே கம்பி ஆலை முதலாவதற்கு இறங்கி வரும்.

உள்நாட்டுச் சந்தையிலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். விசிறிக்கு 20, உதிரிபாகத்துக்கு 5 என்ற இடைவெளி ஒரு புதிய வியாபாரத்தை உண்டாக்கும். விசிறியைக் கழற்றிய நிலையில் கொண்டுவந்து, நாலு ஸ்குரூ முடுக்கி, உள்நாட்டுத் தயாரிப்பு என்று விற்பது. உலகச் சுங்க வகைப்பாட்டில், அதாவது எச்.எஸ். எண்களில், 125 வாட்டுக்கு மேற்படாத மோட்டார் வைத்த விசிறி 8414.51, அதன் பாகங்கள் 8414.90. கழற்றிய நிலையில் ஒரே சரக்காக வந்தால் முழுப் பொருளாகவே கருத வேண்டும் என்று அந்த வகைப்பாட்டின் பொது விளக்க விதி 2(அ) சொல்கிறது. அதனால்தான் இறக்கை ஒரு கப்பலிலும் மோட்டார் அடுத்த கப்பலிலும் வரும். இத்தகைய கூட்டிணைப்புக் கூடத்தில் பத்துப் பேர் செய்யும் விசிறிக்கு, தகடு வெட்டி, கம்பி சுற்றி, உடல் வார்க்கும் உங்கள் ஆலையில் பல மடங்கு ஆள் வேண்டும். விசிறி வரி ஏறியும் உள்நாட்டு விற்பனை ஏறவில்லை என்றால், மாதந்தோறும் 8414.90-இல் இறக்குமதி எவ்வளவு, 8501-இல் சிறு மோட்டார் எவ்வளவு என்று சுங்கப் புள்ளிவிவரத்தில் பாருங்கள். இரண்டும் சேர்ந்து எகிறியிருந்தால் விடை அங்கே இருக்கிறது.

இதே எண்கள் ஏற்றுமதி இடத்திலும் கடிக்கும். வாங்கும் நாட்டோடு வணிக ஒப்பந்தம் இருந்து, வரிச்சலுகை கிடைக்க வேண்டுமானால், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று தீர்மானிக்கும் பிறப்பிட விதியைத் தாண்ட வேண்டும். மூலப்பொருளின் முதல் நான்கு இலக்கமும் முடிந்த பொருளின் நான்கு இலக்கமும் வேறாக இருக்க வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் உள்ள விதி. தகடு 7225, கம்பி 8544, பேரிங் 8482. இவை 8414 ஆகும்போது எண் மாறிவிடுகிறது, தேறிவிடும். வெளிநாட்டு மோட்டார் 8501 வாங்கிப் பொருத்தினாலும் தேறும். ஆனால் 8414.90 பாகங்களை வாங்கி 8414.51 செய்தால் எண் மாறவில்லை, சலுகை இல்லை. செலவைக் குறைக்கிறேன் என்று பாகங்களை இறக்குமதிக்கு மாற்றும் ஆலைகள் இதில் மாட்டிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து வாங்குபவர் நாட்டுச் சுங்கத்திலிருந்து பழைய வரியைச் சேர்த்துக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்போதுதான் விழிக்கும். பிறப்பிட விதி எவ்வளவு கனமானது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆடைச் சலுகையே சாட்சி. மிகப் பின்தங்கிய நாடுகள் நூலிலிருந்து துணி நெய்து அதைத் தைத்தும் ஆக வேண்டும் என்றிருந்த விதி 2011 ஜனவரியில் தளர்ந்து, வெளித்துணியைத் தைத்தாலே போதும் என்றானது. நெசவு ஆலை இல்லாத நாடுகளின் தையல் கூடங்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. நூல் நூற்று நெய்து வந்த ஆலைகளுக்கு இருந்த காப்பைக் குறைத்தது. ஒரே விதி, இரண்டு தொழிலாளர் கூட்டம்.

பொதுவாக, வளரும் நாடு ஒன்றின் ஆலை வேலையைச் சொந்த நாட்டு வரியைவிட வாங்கும் நாட்டு வரி அதிகம் அசைக்கிறது என்பது என் கருத்து. 2001 டிசம்பரில் அமெரிக்காவோடு வியட்நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, வியட்நாம் பொருள்கள் மீதான அமெரிக்க வரி சராசரியாக 23.4 சதவீதத்திலிருந்து 2.4-க்கு இறங்கியது. வீட்டுத் திண்ணைத் தொழிலில் இருந்தவர்கள் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு நகர்ந்தார்கள் என்று மெக்கெய்க், பாவ்ச்னிக் இருவரின் ஆய்வு காட்டியது. எதிர்ப்பக்கமும் உண்டு. ஆப்பிரிக்க நாடுகளுக்கான அமெரிக்கச் சலுகையை 2010 தொடக்கத்தில் மடகாஸ்கரும் 2022 தொடக்கத்தில் எத்தியோப்பியாவும் இழந்தன. ஐரோப்பாவின் கூடுதல் சலுகையை இலங்கை 2010 ஆகஸ்டில் இழந்து 2017 மே மாதம்தான் திரும்பப் பெற்றது. மூன்றிலும் காரணம் அரசியல் அல்லது மனித உரிமை. தையல் மேசையில் இருந்தவர்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. உங்கள் ஏற்றுமதி ஒரே நாட்டின் சலுகையை நம்பி இருக்கிறதா என்று பாருங்கள். சலுகை 5 சதவீதம், உங்கள் லாபம் 3 சதவீதம் என்றால் அந்தச் சலுகைதான் உங்கள் இரண்டாவது ஷிப்டு.

வரியே வேண்டாம் என்பவர்களுக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் பாதி சரி. மூலப்பொருள் வரி குறைந்தால் ஆலைகளின் திறன் கூடுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. இந்தோனேசிய ஆலைகளை ஆராய்ந்த அமிதி, கோனிங்ஸ் இருவரும், மூலப்பொருள் வரி 10 புள்ளி இறங்கினால் அதை இறக்குமதி செய்யும் ஆலைகளின் உற்பத்தித்திறன் 12 சதவீதம் கூடுவதாகவும், முடிந்த பொருளின் வரியைக் குறைப்பதால் வரும் பலனைவிட இது குறைந்தது இரு மடங்கு என்றும் கண்டார்கள். இந்தியாவில் 1991-க்குப் பிறகு உள்நாட்டு நிறுவனங்கள் கொண்டுவந்த புதிய பொருள்களில் சுமார் 31 சதவீதத்துக்கு மூலப்பொருள் வரிக் குறைப்பே காரணம் என்று இன்னொரு ஆய்வு கணக்கிட்டது.

ஆனால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்ற மற்றப் பாதி தவறு. பிரேசில் 1990-க்கும் 1995-க்கும் இடையில் வரிகளை வேகமாக வெட்டியது. பாதுகாப்பு அதிகம் இழந்த வட்டாரங்களில் வருமானம் கொஞ்ச நாளில் தேறும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். டீக்ஸ்-கார்னேரோ, கோவாக் இருவரும் கண்டது வேறு: பத்து ஆண்டு கழித்து இருந்த பாதிப்பைவிட இருபது ஆண்டு கழித்து இருந்தது மூன்று மடங்கு. வேலை இழந்தவர்கள் ஊர் மாறவில்லை. பலர் முறைசாரா வேலைக்குள் கரைந்தார்கள். இந்தியாவில் வரிக் குறைப்பு அதிகம் பட்ட மாவட்டங்களில் கிராம வறுமை மற்ற இடங்களைப்போல் வேகமாகக் குறையவில்லை என்று பெட்டியா டோபலோவா காட்டினார். மொசாம்பிக் 1990-களில் உலக வங்கியின் யோசனைப்படி கச்சா முந்திரி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது கொட்டை கப்பலேறியது, உடைக்கும் ஆலைகள் மூடின. விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைத்ததும் சொற்பம்.

எனவே வரிசை முக்கியம். மூலப்பொருள் வரியை முதலில் இறக்கி, முடிந்த பொருளின் வரியை முன்பே அறிவித்த படிகளில் பிறகு இறக்க வேண்டும். உங்கள் அரசு செய்தது இதற்கு நேர் எதிர். விசிறிக்குக் கொடுத்ததும் தகட்டுக்காரர் வரிசையில் நின்றார், அவர் பின்னால் கம்பிக்காரர். ஒருவருக்குக் கொடுத்த பாதுகாப்பு அடுத்தவரின் அடக்கவிலை. எஃகு உருட்டும் ஆலையில் முதலீடு அதிகம், ஆள் குறைவு. எஃகை வாங்கி வேலை செய்யும் ஆலைகளில் ஆள் அதிகம். மேல்படியில் காப்பாற்றும் ஒரு வேலைக்குக் கீழ்ப்படியில் பல வேலை போகக்கூடிய கணக்கு இது. 2018-இல் அமெரிக்கா எஃகுக்கு 25 சதவீதம் போட்டபோது அங்கேயும் பயனர் ஆலைகளின் இழப்பு, காத்த வேலைகளைவிட அதிகம் என்று அவர்களின் மத்திய வங்கி ஆய்வாளர்களே எழுதினார்கள்.

மனு கொடுக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். இதே காலத்தில் ஆலைக்குத் தானியங்கி வைண்டிங் இயந்திரம் வந்ததா? மூலதன இயந்திரத்துக்கு வரி விலக்கும், மூலப்பொருளுக்கு வரியும் என்று ஒரே அரசு ஒரே நேரத்தில் வைப்பது சாதாரணம். கை வைண்டிங் ஆட்கள் மட்டும் போயிருந்தால் காரணம் அந்த இயந்திரம். ஸ்டாம்பிங், வைண்டிங், அசெம்பிளி, பேக்கிங் என எல்லாப் பிரிவிலும் ஒரே விகிதத்தில் ஆள் குறைந்திருந்தால் காரணம் ஆர்டர். இரண்டையும் கலந்து எழுதினால் எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே மனுவைக் கவிழ்த்துவிடும்.

யாரிடம் கேட்பது என்றால், அது தகட்டு வரி எந்தச் சட்டத்தில் வந்தது என்பதைப் பொறுத்தது. சாதாரண வரி உயர்வு என்றால் நிதித்துறைக்கும் வணிகத்துறைக்கும் போக வேண்டும். உலக வணிக அமைப்பில் நாடு ஒப்புக்கொண்ட உச்ச வரம்புக்குள் உள்ள உயர்வாக இருந்தால் அதைச் சட்டரீதியாகத் தாக்க முடியாது. கணக்கைக் காட்டித்தான் மாற்ற முடியும். இறக்குமதி திடீரென்று பெருகியதால் போட்ட பாதுகாப்பு வரி என்றால் விசாரணை நடந்திருக்க வேண்டும். அதற்கான உலக ஒப்பந்தப்படி முதலில் அதிகபட்சம் 4 ஆண்டு, நீட்டித்தாலும் மொத்தம் 8, வளரும் நாடு போடுவதானால் 10. ஓராண்டுக்கு மேல் போனால் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். பொருள் குவிப்புத் தடுப்பு வரி (வெளிநாட்டார் தங்கள் நாட்டு விலையைவிட மலிவாக இங்கே விற்பதற்கு எதிரான வரி, ஆன்டி-டம்பிங்) என்றால் 5 ஆண்டு. மறு ஆய்வில் தேவை என்று கண்டால்தான் நீட்டிக்கலாம். இந்த வரியைக் கேட்டுப் போடும் மனுவை ஆதரிக்கும் உள்நாட்டு ஆலைகள் மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதமாகவும், கருத்துச் சொன்னவர்களின் உற்பத்தியில் பாதிக்கு மேலாகவும் இருக்க வேண்டும்.

இவற்றில் பயனர்களுக்கும் இடம் உண்டு என்பது பல ஆலைகளுக்குத் தெரிவதில்லை. குவிப்புத் தடுப்பு ஒப்பந்தத்தின் 6.12-ஆம் பிரிவு, விசாரணைப் பொருளை வாங்கிப் பயன்படுத்தும் தொழில்களுக்கு விவரம் தர வாய்ப்பளிக்கச் சொல்கிறது. பாதுகாப்பு வரி ஒப்பந்தத்தின் 3.1-ஆம் பிரிவும், வரி பொதுநலனுக்கு உகந்ததா என்பது உட்பட, சம்பந்தப்பட்டவர்கள் கருத்துச் சொல்ல வழி வைத்திருக்கிறது. சங்கமும் முதலாளியும் சேர்ந்தே போகலாம்; இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் நலன் ஒன்றுதான். கொண்டுபோக வேண்டியவை: எச்.எஸ். எண்ணோடு பொருள் பட்டியல், உள்நாட்டுக்கும் ஏற்றுமதிக்கும் தனித்தனியே மேலே போட்டதுபோன்ற கணக்கு, எடை போட்ட சேதாரத் தாள், ஷிப்டுவாரியாக ஆள் எண்ணிக்கை, கைவிட்டுப் போன ஆர்டரின் கடிதங்கள். உங்களுக்கு வேண்டிய தகட்டின் தரத்தையும் தடிமனையும் தனியாகக் குறிப்பிட்டு, அந்தத் தரம் உள்நாட்டில் உருட்டப்படுவதில்லை என்று நிரூபிக்க முடிந்தால் அதை மட்டும் வரியிலிருந்து நீக்கக் கோருங்கள். முழு வரியையும் எடு என்பதைவிட இது கிடைக்க வாய்ப்பு அதிகம். உள்நாட்டு ஆலைக்கு அதே தரம் கேட்டுக் கடிதம் எழுதி, அவர்கள் தர இயலாது என்று அனுப்பிய பதிலையோ, பதிலே வராததையோ இணைக்க வேண்டும். விசாரணை அறிவிப்பில் சம்பந்தப்பட்ட தரப்பாகப் பதிவு செய்யக் கடைசி நாள் ஒன்று அச்சாகியிருக்கும். அது தவறியிருந்தால் மறு ஆய்வு எப்போது தொடங்கும் என்று விசாரணை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தேதிக்கு முன்பே கோப்பைத் தயாராக வையுங்கள்.